இடது சப்பாத்தின் சாட்சியம்

இரத்மலானை,
05.05.1973

அன்புள்ள அக்கா,

நானும் சீலாவும் சுகம். உங்கள் சுகத்தை ஊரிலிருந்து கொழும்புக்கு வருகிற ஆட்களிடம் கேட்டு அறிகிற நிலையில் இருக்கிறேன். நீங்களே இரண்டு வரி எழுதினால் அவர்களுக்கு நான் கொடுக்கிற கரைச்சல் குறையும்.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. திறக்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இது பரிசு அல்ல, வேலை.

எங்கள் தொழிற்சாலையில் வெயில் ஊர்களுக்கென்று பாரம் குறைந்த நடைச் சப்பாத்து ஒன்று செய்கிறோம். மேலே கன்வஸ், கீழே காற்றுக் குமிழி அடைத்த றபர். கையில் எடுத்தால் ஒரு மாம்பழத்தின் பாரம்கூட இல்லை. கடைக்குப் போக முன்னர் இருபத்துநான்கு பேர் ஆறு கிழமை போட்டு நடந்து பார்க்க வேண்டும். மன்னாரில் ஒரு தபால்காரர், அம்பாந்தோட்டை உப்பளத்தில் சிலர், இப்படி வெயிலில் அலைகிறவர்களாகத் தேடி எடுத்திருக்கிறோம். திருகோணமலையில் உங்களைவிட அதிகம் நடக்கிறவர் யார் இருக்கிறார்?

ஒரு விசயம். இடது சப்பாத்தின் அடி ஒரு கலவை, வலதின் அடி வேறு கலவை. ஒரே ஆள், ஒரே வழி, ஒரே வெயில். எது முதலில் தேய்கிறது, எது சுடுகிறது என்று அப்போதுதான் தெரியும். எது யாருடைய கலவை என்று நடக்கிறவருக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. கிழமைக்கு ஒருமுறை, எங்கே நடந்தீர்கள், நிலம் எப்படி, கால் எப்படி என்று எழுதுங்கள். கடைசியில் சப்பாத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

உங்கள் அன்புத் தம்பி,
பேணாட்


பாலையூற்று,
திருகோணமலை,
14.05.1973

அன்புள்ள தம்பி பேணாட்டுக்கு,

ஆண்டவரின் கிருபையால் நான் குறைவின்றி இருக்கிறேன் என்பதையும், அக்குறைவின்மை வேறெவருடைய உதவியாலும் ஏற்பட்டதன்று என்பதையும் முதற்கண் அறியத் தருகிறேன்.

உமது பார்சல் கிடைத்தது. திறந்தேன். திறந்ததை ஏற்றுக்கொண்டதாகக் கருத வேண்டாம்.

மூன்று வருடங்களில் உம்மிடமிருந்து ஒரு சேலை வந்தது, திருப்பினேன். ஒரு குடை வந்தது, திருப்பினேன். மேசை விளக்கு வந்தது, அதனையும் திருப்பினேன். இப்பொழுது நான்காவது பொருள் ‘வேலை’ என்னும் பெயரைச் சூடிக்கொண்டு வந்திருக்கிறது. பதினாறு வருடங்களாக அரசாங்கக் கச்சேரி வாசலிலும் ஊரூராகவும் சனங்களுக்கு மனு எழுதிச் சீவிப்பவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பழைய வர்த்தமானிப் பத்திரிகைகளை வாசித்து மொழி கற்றவள். கோரிக்கையை வேறு வேடத்தில் அனுப்புவது எவ்வாறு என்பதை எனக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எனது கால் அளவு உமக்கு எவ்வாறு தெரிந்தது? இதனை விசாரித்தேன். அடுத்த வளவில் இருக்கும் கருவாட்டுக்காரி புஸ்பராணியை அழைத்து நேரே கேட்டேன்.

“எடி, என்ர செருப்பை எப்ப அளந்தனி?”

“செபமாலை சொல்லேக்கை அக்கா. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தனீங்கள். நான் வாசல்லை ஈர்க்காலை அளந்தனான்.”

“செபத்துக்கு வந்தனியோ, களவெடுக்க வந்தனியோ?”

“ரெண்டுக்கும்தான். மாதா கோவிக்கமாட்டா. நீங்கள்தான் கோவிப்பியள்.”

எழுதப் படிக்கத் தெரியாதவளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு செய்யப்பட்ட காரியம் நேர்மையானதாக இருக்க முடியுமா என்பதை நீரே யோசித்துப் பாரும். உமது கம்பனியின் மனேச்சர் கையொப்பமிட்ட கடிதம் கிடைத்தாலன்றி, நான் அதனுள் கால் வைப்பதற்கில்லை.

இங்ஙனம்,
தமக்கை,
இன்பமலர்


இரத்மலானை,
23.05.1973

அன்புள்ள அக்கா,

மனேச்சர் சிவகுருநாதன் கையொப்பமிட்ட கடிதம் இத்துடன் இருக்கிறது. உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். “இவ்வளவு சந்தேகப்படுகிற ஆள்தான் எங்களுக்குத் தேவை” என்றார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். என் கலியாண வீட்டில் சீலாவின் ஆட்கள் “தமக்கை என்ன செய்யிறா?” என்று கேட்டபோது, “ரீச்சர்” என்று சொன்னேன். நீங்கள் எனக்குப் பின்னால் பலகாரத் தட்டோடு நின்றது எனக்குத் தெரியாது. பிறகுதான் தெரிய வந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கிய ஒவ்வொரு கடிதமும் வாசிக்கப் பொய்போல இருந்தது. அதனால்தான் சேலையும் குடையும் அனுப்பினேன். அது இன்னும் பெரிய பிழை.

கம்பனிப் பதிவில் உங்கள் பெயருக்கு நேரே ‘மனு எழுதுநர்’ என்று என் கையால் எழுதியிருக்கிறேன். சப்பாத்தைப் போடுங்கள் அக்கா.

அன்புடன்,
பேணாட்


பாலையூற்று,
04.06.1973

தம்பி பேணாட்டுக்கு,

மனேச்சர் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். அதிலே ‘ற’ என்னும் எழுத்து வருமிடமெல்லாம் அது மற்ற எழுத்துக்களைவிட அரைமயிர் அளவு மேலே நிற்கிறது. பின்னர் பார்சலில் ஒட்டிய விலாசத்தை எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் ‘ற’ மேலே நிற்கிறது. ஒரே தட்டெழுத்து இயந்திரம்; ஆகவே ஒரே விரல். மனேச்சர் கையொப்பமிட்டார் என்கிறீர். வாசித்துக் கையொப்பமிட்டாரா, அல்லது அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதே எனது ஐயம்.

கலியாண வீட்டைப் பற்றி எழுதினீர். அதனைப் பற்றி நான் இதுவரை ஒரு சொல்லும் எழுதியவளல்ல. இனியும் எழுதமாட்டேன். மன்னிப்புத் தனியே வந்திருந்தால் நம்பியிருப்பேன். அது சப்பாத்துச் சோடியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது.

இருப்பினும், வேலையென்று சொல்லப்பட்டதை வேலையாகவே செய்வது எனது வழக்கம். முதலாவது அறிக்கை வருமாறு.

டொக்யாட் வீதித் தார், முற்பகல் பதினொரு மணி: தார் இளகிக் காகத்தின் காலையே பிடிக்கும் நிலையில் உள்ளது. வலது அடி தாரை வாங்கிக்கொள்கிறது. இடது வாங்குவதில்லை. நிலாவெளிக் கடற்கரை: மணல் கன்வஸின் நெசவூடாக உள்ளே வருகிறது, ஆனால் காற்றும் வருகிறது. சுவாமி மலை ஏற்றத்தைக் கோயில் வாசல் வரைக்கும் நடந்தேன். பாறையில் இரண்டும் வழுக்கவில்லை. இறங்கும்போது பெருவிரல் முன்னே இடிக்கிறது.

சனிக்கிழமை மூதூர் லோஞ்சுப் படகு எடுத்துக் கட்டைபறிச்சானுக்குப் போனேன். இறங்குதுறையில் ரிக்கற் கொடுக்கும் அபூதாஹிர் எனது காலைப் பார்த்துவிட்டான்.

“என்ன இன்பமலர் அக்கா, நேவியில சேர்ந்திட்டீங்களோ?”

“நேவி என்னிலை சேர்ந்திட்டுது. ரிக்கற்றைத் தாரும்.”

“சேலைக்குக் கீழ சப்பாத்து! லோஞ்சு ஒரு பக்கம் சரியாட்டிச் சரி.”

லோஞ்சிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் காலை உள்ளே இழுக்கவில்லை. கட்டைபறிச்சானில் வயல் வரம்பு, மாட்டுக் குளம்பு பதிந்த சேறு காய்ந்து கல்லாகிக் கிடந்தது. அடி மெல்லியதாகையால் ஒவ்வொரு குழியையும் கால் அறிகிறது. ஆனால் எதுவும் காலைக் குத்துவதில்லை. சூடான கச்சான் காற்று வீசும் இந்நாட்களில் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றினால் பாதம் எரியும். எரிச்சல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துள்ளது. கொப்புளம் வலது குதியில் ஒன்று.

இவ்வறிக்கையை எவராவது வாசிக்கிறார்களா என்பதை ஆண்டவர் அறிவார்.

தமக்கை,
இன்பமலர்


இரத்மலானை,
13.06.1973

அன்புள்ள அக்கா,

கம்பனியில் தமிழ் தட்டெழுத்து இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது. தமிழில் அடிக்கத் தெரிந்த ஆளும் நான் ஒருவன்தான். இதற்குமேல் எப்படி நிரூபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் அறிக்கையைக் கூட்டத்தில் வாசித்தோம். காகத்தின் காலைப் பிடிக்கும் தார் என்ற இடத்தில் மனேச்சர் நிறுத்தச் சொல்லித் திரும்ப வாசிக்க வைத்தார். மற்ற இருபத்துமூன்று பேரும் ‘நல்லது’ என்றோ ‘பரவாயில்லை’ என்றோ எழுதுகிறார்கள். மன்னார்த் தபால்காரர் ‘கால் சுகம்’ என்று எழுதியிருக்கிறார். உங்களுடையதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இடதையும் வலதையும் இப்படியே பிரித்துப் பிரித்து எழுதுங்கள். சப்பாத்துப் பழுதானால் தயங்காமல் சொல்லுங்கள். வேறு சோடி அனுப்ப வழி பார்க்கிறேன்.

சீலா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா.

பேணாட்


பாலையூற்று,
22.06.1973

தம்பி பேணாட்டுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. புகழ்ச்சி அதிகம். பழுதானதற்குப் பதிலாகப் புதிய சோடி கொடுக்க முன்வரும் கம்பனியை நான் இதுவரை கண்டதில்லை, கேள்விப்பட்டதுமில்லை.

அறிக்கை:

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அருகே வசிக்கும் ஒரு விதவைக்கு ஓய்வூதிய மனு எழுதும் பொருட்டு இம்மாதம் இருபதாந் திகதி அங்கு சென்றிருந்தேன். திரும்பி வருகையில், பிற்பகல் ஒரு மணியளவில், கிறவல் வீதியிலே, பெரிய வீதிச் சந்திக்கு ஏறக்குறைய நானூறு யார் தூரத்தில், இடது சப்பாத்தின் அடி பெருவிரல் மடியும் இடத்தில் குறுக்காக வெடித்தது. வெடிப்பின் நீளம் ஒன்றரை அங்குலம். சிறுகல் உட்புகுந்து பாதத்தைத் தீண்டியது. வலது சப்பாத்தில் யாதொரு பழுதுமில்லை. ஆகவே, இடது அடிக்கு உபயோகிக்கப்பட்ட கலவை இப்பிரதேசத்து வெயிலுக்கும் நிலத்துக்கும் தகுதியற்றது என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம்.

இனிச் செய்யவேண்டியதை நீர் அறிவீர். நான் எதனையும் கேட்கவில்லை.

தமக்கை,
இன்பமலர்


இரத்மலானை,
05.07.1973

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் திங்கட்கிழமைக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. பிறகு மனேச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “பேணாட், இந்த அம்மா எழுதுறதை நம்பலாமோ?”

நான் எழும்பி நின்று சொன்னேன்: “என்ர அக்கா ஆருக்காகவும் பொய் எழுதமாட்டா, சேர். எனக்காகக்கூட எழுதமாட்டா.”

இப்போது சொன்னால் விதி மீறல் இல்லை, ஏனென்றால் எல்லாம் முடிந்துவிட்டது. இடது அடி என்னுடைய கலவை. இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். மற்ற ஆட்களின் ‘நல்லது’, ‘பரவாயில்லை’ எல்லாவற்றையும் உங்கள் ஒன்றரை அங்குலம் வென்றுவிட்டது. அன்று பின்னேரமே இடது கலவையை நிறுத்தினார்கள். என்னை ஆய்வறையிலிருந்து எடுத்துக் களஞ்சியத்தில் போட்டிருக்கிறார்கள். பெட்டிகளுக்கு இலக்கம் ஒட்டுகிறேன். வருட முடிவில் அந்த வேலையும் இருக்குமோ தெரியாது.

உங்களில் எனக்குக் கோபம் இல்லை. கண்டதைக் கண்டபடி எழுதினீர்கள். ஒரேயொரு உதவி: வெடித்த சப்பாத்தை உடனே அனுப்புங்கள். வெடிப்பின் வாயைப் பார்த்தால் எங்கே பிழைவிட்டேன் என்று எனக்கு விளங்கும். இரவிலும் அதே யோசனைதான்.

பேணாட்


பாலையூற்று,
09.07.1973

தம்பி,

இடது சப்பாத்து வெடிக்கவில்லை.

இதற்கு முன்னுரை எழுத மூன்று தாளைப் பாழாக்கினேன். வேண்டாம் என்று விட்டேன். நீ தேடுகிற பிழை உன் கலவையில் இல்லை. என்னிடம்தான் இருக்கிறது.

நீ இரக்கப்பட்டுச் சப்பாத்து அனுப்பிவிட்டு, அதற்கு வேலையென்று பெயர் வைத்திருக்கிறாய் என்று நம்பினேன். அதைக் கையும் மெய்யுமாகப் பிடிக்க நினைத்தேன். வெடித்தது என்று எழுதினால், ஒரு கேள்வியும் கேளாமல் புதுச் சோடி அனுப்புவாய். அனுப்பினால் கள்ளம் வெளிப்படும். அப்படித்தான் கணக்குப் போட்டேன். பதினைந்து நாளும் தபால்காரன் பார்சல் கொண்டு வருகிறானா என்று பார்த்திருந்தேன். உனது கடிதம் மட்டும் வந்தது.

கன்னியாவுக்குப் போனது உண்மை. விதவைக்கு மனு எழுதியது உண்மை. நானூறு யார் தூரம் என்பதும் உண்மை. அந்த இடத்தில் நின்றுதான், எதை எழுதினால் நம்புவார்கள் என்று யோசித்தேன். பொய் மனு எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வந்த எத்தனை பேரைக் கச்சேரி வாசலில் வைத்து ஏசித் துரத்தியிருக்கிறேன். என்னிடம் வந்தவர்களில் ஒருவருக்கும் நான் எழுதிக் கொடுக்காததை எனக்கு நானே எழுதிக்கொண்டேன்.

இடதும் வலதும் இத்துடன் வருகின்றன. உன்னுடைய கண்ணால் பார். மனேச்சருக்கும் தனியே எழுதி, கையொப்பமிட்டு, இதே உறையில் வைத்திருக்கிறேன். அவரிடம் கொடு.

அக்கா


இரத்மலானை,
18.07.1973

அக்கா,

சப்பாத்தும் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. எல்லாவற்றையும் மனேச்சரின் மேசையில் வைத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“முதல்லை வெடிச்சது எண்டு எழுதினா. தம்பியின்ர வேலை போகப்போகுது எண்டதும் வெடிக்கேல்லை எண்டு எழுதுறா. நான் எதை நம்ப?”

“சப்பாத்தைப் பாருங்கோ, சேர்.”

“சப்பாத்து உம்மட கையாலை வந்தது. இதே அளவிலை களஞ்சியத்திலை எத்தினை சோடி கிடக்குது? களஞ்சியச் சாவி ஆரிட்டை?”

சாவி என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் எழுதியதால் என்னைக் களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள். களஞ்சியத்தில் இருப்பதால் நான் சப்பாத்தை மாற்றினேன் என்கிறார்கள். தேய்ந்த அடியைக் காட்டினேன். “இரண்டு கிழமை உரஞ்சினால் தேயும்” என்றார். இப்போது நான் பிழையான கலவை செய்தவன் மட்டுமல்ல, கள்ளனும்தான்.

சப்பாத்து உண்மையில் வெடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அடியில் நான் இட்ட அடையாளம் இருக்கிறது. அது எனக்கு மட்டுமே தெரிந்த அடையாளம் என்பதால் பயனில்லை.

ஆடி அமாவாசைக்கு மனேச்சர் தன் தகப்பனாருக்குக் கடமை செய்யக் கன்னியாவுக்கு வருகிறாராம். சப்பாத்தைத் தன்னுடைய பையில் அரக்கு முத்திரை வைத்துப் பூட்டியிருக்கிறார். “அந்த அம்மாவை அங்கை வரச் சொல்லும்” என்றார். வருவதும் வராததும் உங்கள் விருப்பம். நான் எதையும் கேட்கவில்லை.

பேணாட்


பாலையூற்று,
01.08.1973

அன்புள்ள தம்பி பேணாட்டுக்கு,

உமது மனேச்சர் சிவகுருநாதன் என்பவர் உண்மையிலேயே இருக்கிறார் என்பதை இத்தால் ஒப்புக்கொள்கிறேன்.

அமாவாசையன்று காலை எட்டு மணிக்கே கன்னியாவுக்குச் சென்று, கிணற்றடிக்கு வெளியே ஒரு மரத்தின் கீழ் நின்றேன். கடமைகளை முடித்துக்கொண்டு, ஈரத் தலையும் திருநீறுமாக ஒரு பெரியவர் தோற்பையோடு வந்தார்.

“நீங்கள்தானோ பேணாட்டின்ர அக்கா?”

“ஓம் ஐயா. இரண்டு கடிதத்தையும் எழுதியவள் நான்தான்.”

“எந்தக் கடிதம் பொய்?”

“முதலாவது.”

“ரெண்டாவதும் பொய்யெண்டால் இப்பிடித்தானே சொல்லுவியள்?”

எனது தொழிலில் நான் பிறரைக் கேட்கும் கேள்வி அது.

அவர் என் முன்னிலையில் அரக்கை உடைத்து, இரண்டு அடியிலும் தன்னுடைய பேனாவால் ஒவ்வொரு கோடு கீறி, போடச் சொன்னார். நான் முன்னே நடக்க, அவர் நான்கு அடி பின்னே வந்தார். தன்னுடைய வாகனத்தைப் பட்டணத்தில் போய் நிற்கும்படி அனுப்பிவிட்டார். நான் நடுவழியில் ஏதேனும் செய்துவிடுவேன் என்று எண்ணியிருக்க வேண்டும். அவர் எனது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். நானோ அவர் எங்கே தடுக்கி விழுந்து, அப்பழியும் உமது தலையில் விழுந்துவிடுமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

நானூறு யார் என்று நான் எழுதிய இடம் வந்ததும் நிறுத்தினார்.

“இந்த இடத்திலையோ வெடிச்சது?”

“இந்த இடத்தில்தான் வெடிக்கவில்லை, ஐயா.”

காலை ஒரு கல்லின் மேல் தூக்கி வைக்கச் சொல்லிக் குனிந்து அடியைப் பார்த்தார். பெருவிரல் மடியும் இடத்தை இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தார். அவ்வழியே விறகு ஏற்றிக்கொண்டு போன ஒரு வண்டிக்காரன், “என்ன ஐயா, லாடம் அடிக்கப் போறியளோ? மாடு குழப்படி போலை கிடக்குது!” என்று கேட்டுவிட்டுப் போனான். வேறொரு நாளாயின் அவனுக்கு ஏற்ற மறுமொழி சொல்லியிருப்பேன். அன்றைக்குக் காலைக் கல்லிலிருந்து எடுக்காமல் நின்றேன்.

பெரிய வீதியிலும் நடத்தினார். சூரியன் தலைக்கு மேலே. இரண்டாவது மைலில் அவர் நொண்டத் தொடங்கினார். தோற் சப்பாத்து.

“ஐயா, சற்று இருந்து போகலாம்.”

“வேண்டாம். நீங்கள் நடவுங்கோ.”

“உங்கள் கால் கொப்புளித்துவிட்டது.”

“அது என்ர கால்.”

பட்டணத்து எல்லையில் ஒரு தேநீர்க் கடைக் கதிரையில் இருந்து, தன்னுடைய கொப்புளத்தை முதலில் பார்த்தார். பின்னர் எனது சப்பாத்தைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். தன்னுடைய கோடு இருந்தது. வெடிப்பு இருக்கவில்லை. வலது அடியில் தார் அப்பியிருந்தது. இடது துடைத்தாற்போல் இருந்தது. வெகுநேரம் இரண்டையும் திருப்பிக்கொண்டிருந்தார்.

“சப்பாத்து நல்லது, அம்மா. பழுது உங்கட பேனையிலைதான்.”

அது நியாயமான தீர்ப்பு என்று சொன்னேன். சப்பாத்தைத் திரும்பப் பையில் வைத்துப் பூட்டிக்கொண்டு போனார். உம்மைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பரிந்து பேசவில்லை. பேசினால் அதுவும் உமக்கெதிரான சாட்சியமாகும் என்று பயந்தேன்.

அக்கா,
இன்பமலர்


இரத்மலானை,
20.08.1973

அன்புள்ள அக்கா,

மனேச்சர் கொழும்புக்கு வந்து மூன்று நாள் செருப்போடுதான் வேலைக்கு வந்தார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. நாலாம் நாள் களஞ்சியச் சாவியை என்னிடமிருந்து வாங்கினார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆய்வறைக்குத் திரும்பிப் போகச் சொன்னார். இடது கலவையை இன்னும் ஆறு கிழமை, புது ஆட்களை வைத்து நடந்து பார்ப்பார்களாம். அதில் தேறினால் என் வேலை நிலைக்கும். தேறாவிட்டால் இல்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத் தொடங்கினேன். அதை வாசித்துவிட்டு நீங்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள் என்று தோன்றியது. அதனால் உள்ளதை எழுதுகிறேன். இன்னும் மனம் ஆறவில்லை. கூட்டத்தில் எழும்பி நின்று உங்களுக்காகச் சொன்ன வார்த்தை நினைவு வந்தால் முகம் சுடுகிறது. கலியாண வீட்டில் நான் சொன்ன பொய்க்கு இது ஈடு என்று நீங்களும் நினைக்க வேண்டாம், நானும் நினைக்கவில்லை. இரண்டும் தனித்தனியே கிடக்கட்டும்.

புது ஆட்களில் ஒருவர் திருகோணமலையில் இருக்க வேண்டும் என்றார் மனேச்சர். உங்கள் பெயரை அடித்துவிட்டார். நான் புஸ்பராணி அக்காவின் பெயரைச் சொன்னேன். கருவாட்டுக் கடகத்தோடு நாளாந்தம் சல்லி, நிலாவெளி என்று நடக்கிறவ.

“எழுதத் தெரியுமோ?”

“தெரியாது சேர். அவ சொல்ல என்ர அக்கா எழுதுவா.”

“உமக்கென்ன பயித்தியமோ?”

“தனக்காக எழுதினபோதுதான் சேர் அவ பொய் எழுதினா. மற்றவை சொல்லுறதைப் பதினாறு வருசமா ஒரு எழுத்து மாத்தாமல் எழுதிறா. அது அவவின்ர தொழில்.”

கடைசியில் இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தார். சொன்னதைச் சொன்னபடி எழுதுவதாகக் கம்பனிக்கு நீங்கள் ஒரு சத்தியக் கடதாசி தரவேண்டும். ஒவ்வொரு அறிக்கையையும் அவவுக்கு வாசித்துக் காட்டிக் கைநாட்டு எடுக்க வேண்டும். சம்மதம் என்றால் கடதாசியோடு அவவின் கால் அளவையும் அனுப்புங்கள்.

பேணாட்


பாலையூற்று,
16.09.1973

புதிய பரிசோதனை: முதலாவது அறிக்கை
சொல்பவர்: புஸ்பராணி, கருவாடு விற்பவர், பாலையூற்று.
(சொல்பவரின் நடையிலேயே எழுதப்படுகிறது.)

மனேச்சர் ஐயாவுக்கும் தம்பி பேணாட்டுக்கும் புஸ்பராணி சொல்லிக்கொள்ளுறது.

சப்பாத்து வந்து சேர்ந்தது. முதல் நாள் போட்டிட்டு நடக்கேக்கை கோழிக்குஞ்சுக்கு மேலை நடக்கிற மாதிரி இருந்தது. நசிஞ்சு போமோ எண்டு பயந்து பயந்து கால் வைச்சனான். ரெண்டாம் நாள் பயம் போட்டுது. மூண்டாம் நாள் சப்பாத்துப் போட்டிருக்கிறதை மறந்து போய் அப்பிடியே குசினிக்குள்ளை போட்டன்.

சல்லிக் கடற்கரையிலை மத்தியான மணல் அடுப்பு மாதிரி. முந்தி அதிலை நிண்டு விலை பேசேக்கை ஒரு கால் மாத்தி ஒரு கால் தூக்கிறனான். எனக்கு அவசரம் எண்டு நினைச்சுச் சனம் விலையைக் குறைச்சுக் கேக்கும். இப்ப ஆறுதலா நிக்கிறன். விலையும் நிக்குது.

கடகம் தலையிலை இருக்கேக்கை குனிஞ்சு பாக்க ஏலாது, காலாலைதான் றோட்டைப் பாக்க வேணும். இந்தச் சப்பாத்திலை கால் பாக்குது. இடது காலுக்கு ஒரு குறையும் இல்லை. வலது கால் தாரிலை ஒட்டிச் சத்தம் போடுது, பின்னாலை ஆரோ வாற மாதிரி. கருவாட்டுத் தண்ணி பட்டால் கன்வஸ் மணக்குது. அது சப்பாத்தின்ர பிழை இல்லை, என்ர தொழிலின்ர பிழை. அதையும் எழுதுங்கோ அக்கா.

பின்னாலை ஆரோ வாற மாதிரி எண்டனே, உண்மையாவும் வந்தவ. இதை எழுதுற அக்காதான். நான் சொல்லப்போறதை நம்பாமல் மூண்டு நாள் சல்லி வரைக்கும் எனக்குப் பின்னாலை வந்தவ. நான் திரும்பிப் பாத்தால் கடலைப் பாக்கிற மாதிரி நிக்கிறா. கடலிலை என்ன அக்கா இருந்தது? ஏன் பேனையைத் தூக்கிப்போட்டு இருக்கிறியள்? எழுதுங்கோ.

தம்பி பேணாட், இனிச் சொல்லுறது மனேச்சருக்கு இல்லை, உனக்கு. உன்ர கடைசிக் கடிதம் வந்து மூண்டு கிழமைக்கு மேலை. சப்பாத்துப் பார்சலுக்குள்ளையும் ஒரு வரி இல்லை. உன்ர அக்கா காலமை வாசல் கூட்டுறா. பிறகு தபால்காரன் வாற நேரம் பாத்துக் கூட்டின வாசலைத் திரும்பவும் கூட்டுறா. அவன் எங்கட ஒழுங்கையைத் தாண்டிப் போன பிறகுதான் விளக்குமாறைக் கீழை வைக்கிறா. உனக்குக் கோவம் எண்டால் கோவம் எண்டாவது எழுதிப் போடு. வாசல் மண் தேயுது.

எழுதுங்கோ அக்கா. மாட்டியளோ? கம்பனிக்குச் சத்தியக் கடதாசி குடுத்தது ஆர், நானோ?

அவ்வளவுதான். கைநாட்டுக்கு மையைத் தாங்கோ.

(இடது பெருவிரல் அடையாளம்)

மேற்கூறியவை யாவும் புஸ்பராணி சொல்ல என்னால் எழுதப்பட்டு, அவருக்கு இருமுறை முழுமையாக வாசித்துக் காட்டப்பட்டன. இறுதிப் பகுதியை நீக்குவதற்கு அவரது அனுமதியைக் கோரினேன்; அவர் மறுத்துவிட்டார். யாவும் சரியென ஒப்புக்கொண்டு அடையாளம் வைத்தார். ஒரு சொல்லும் கூட்டப்படவில்லை. ஒரு சொல்லும் குறைக்கப்படவில்லை.

எழுதியவர்:
இன்பமலர்,
மனு எழுதுநர்